63 நாளில் முதல் ஊசி: வாசகர் கேள்வி – பதில்

கோவிட்-19 பரவத் தொடங்கிய காலத்தில் தடுப்பூசிகளும் ஆன்டிபாடி மருந்துகளும் எப்படி உருவாயின, எவை பலித்தன, எவை பலிக்கவில்லை என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில்.

ஒரு தடுப்பூசி உருவாகப் பத்து ஆண்டு ஆகும் என்றுதான் படித்தோம். கோவிட் தடுப்பூசி ஓராண்டுக்குள் வந்துவிட்டது. எந்தப் படியை விட்டுவிட்டார்கள்?
– கல்லூரி மாணவி

எந்தப் படியையும் விடவில்லை. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று ஏறவேண்டிய படிகளில் ஒரே நேரத்தில் கால்வைத்தார்கள். அதனால் பணம் வீணாகலாம் என்ற ஆபத்தை அரசுகளும் நிறுவனங்களும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டன.

தேதிகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். சீனாவின் ஜாங் யோங்ஜென் குழுவினர் படித்தெடுத்த வைரஸின் மரபணு வரிசை, ஏறத்தாழ 30,000 எழுத்துகள், 2020 ஜனவரி 11 வாக்கில் உலகம் முழுவதும் பார்க்கும்படி வெளியானது. மாடர்னா நிறுவனமும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன விஞ்ஞானிகளும் ஜனவரி 13 அன்று தடுப்பூசியில் எந்த வரிசையை வைப்பது என்று முடிவு செய்தார்கள். மனிதப் பரிசோதனைக்கான முதல் தொகுதி பிப்ரவரி 7 அன்று தயார். மார்ச் 16 அன்று சியாட்டில் நகரில் முதல் தன்னார்வலருக்கு ஊசி போடப்பட்டது. வரிசையை முடிவு செய்த நாளிலிருந்து எண்ணினால் 63 நாள்.

எம்ஆர்என்ஏ முறை, வைரஸின் ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் ஆர்என்ஏ வடிவில் உடலுக்குத் தருவது. இதில் வைரஸைக் கையில் வைத்து வளர்க்கத் தேவையில்லை. எழுத்து வரிசை தெரிந்தால் போதும். அதைப் பொதிந்து செல்லுக்குள் கொண்டுபோகும் கொழுப்பு நுண்துகள்களும் புதியவை அல்ல. அதே வகைத் துகள்களைப் பயன்படுத்தும் பாட்டிசிரான் என்ற மருந்து 2018-இலேயே அனுமதி பெற்றிருந்தது. வெளியிலிருந்து வரும் ஆர்என்ஏவை உடல் பகையாக நினைத்துக் கொந்தளிக்காமல் இருக்க அதன் ஒரு எழுத்தை மாற்ற வேண்டும் என்று கட்டலின் கரிக்கோவும் டிரூ வைஸ்மனும் 2005-இல் காட்டியிருந்தார்கள். 2023-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். 2003 சார்ஸ், 2012 மெர்ஸ் ஆகிய இரண்டு கொரோனா வைரஸ்களில் செய்த வேலையும் கையிருப்பில் இருந்தது.

பரிசோதனையில் நேரம் மிச்சமானது வேறு விதத்தில். வழக்கமாக ஒரு கட்டத்தின் முடிவுகளை எழுதி, பணம் திரட்டி, அனுமதி வாங்கிய பிறகே அடுத்த கட்டம் தொடங்கும். தொழிற்சாலை வேலை மூன்றாம் கட்டமும் முடிந்த பிறகுதான். இங்கே கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடின. மருந்து பலிக்குமா என்று தெரியும் முன்பே உற்பத்தி தொடங்கிவிட்டது. இன்னொரு காரணம் வருத்தமானது: நோய் எங்கும் பரவிக்கிடந்ததால், தடுப்பூசி வேலை செய்கிறதா என்று கணக்கிடத் தேவையான நோயாளிகளின் எண்ணிக்கை சில மாதங்களிலேயே சேர்ந்துவிட்டது. அரிதான நோயாக இருந்தால் இதற்கே ஆண்டுகள் ஆகும்.

சுருக்க முடியாதவையும் இருந்தன. இரண்டு டோஸுக்கு நடுவே 21 அல்லது 28 நாள் இடைவெளி; அதன்பின் பங்கேற்றவர்களில் பாதிப் பேரையாவது இரண்டு மாதம் கண்காணிக்க வேண்டும் என்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபந்தனை. தடுப்பூசிகளின் பாதகமான விளைவுகளில் பெரும்பாலானவை ஆறு வாரத்துக்குள் தலைகாட்டிவிடும் என்பதால் வைத்த எல்லை அது. ஆனால் 30,000, 40,000 பேர் பங்கேற்கும் பரிசோதனையில் லட்சத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு கண்ணில் படாது. அடினோ என்ற வேறொரு வைரஸில் குறிப்பை ஏற்றித் தரும் தடுப்பூசிகளால் (ஆக்ஸ்ஃபோர்டு, ஜான்சன் அண்டு ஜான்சன்) அரிதாக ஏற்பட்ட ரத்த உறைவும், எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்குப் பிறகு இளம் ஆண்களிடம் அரிதாகக் காணப்பட்ட இதயத் தசை அழற்சியும் 2021-இல், கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்ட பிறகே தெரியவந்தன. வேகத்தின் குறை அல்ல இது. பத்து ஆண்டு எடுத்துச் செய்த பரிசோதனையிலும் அதே அளவு ஆட்கள்தான் இருந்திருப்பார்கள்.

தடுப்பூசியில் உள்ள ஸ்பைக் புரதத்தில் இரண்டு இடத்தை மாற்றியிருக்கிறார்களாமே. உள்ளதை உள்ளபடி கொடுக்காமல் ஏன் மாற்ற வேண்டும்?
– உயிரியல் ஆசிரியர்

இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். முழு முயற்சியின் மையமே இதுதான்.

வைரஸின் மேல் முள்முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதம் அழுத்திப் பூட்டிவைத்த சுருள்வில் போன்றது. நம் செல்லின் ஏசிஇ2 என்ற ஏற்பியைப் பிடித்துக்கொண்ட பிறகு பூட்டு விடுபட்டு, நீண்ட ஊசியாக விரிந்து, வைரஸின் உறையையும் செல்லின் உறையையும் இழுத்து ஒட்டவைக்கும். விரிந்த பிறகு அது பழைய வடிவத்துக்குத் திரும்பாது. சிக்கல் என்னவென்றால், தனியாகத் தயாரித்த ஸ்பைக் புரதம் எதையும் பிடிக்காமலே தானாக விரிந்துவிடும். விரிந்த வடிவத்தைப் பார்த்து உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்), விரியாத வடிவத்தில் வரும் வைரஸைத் தடுக்க அவ்வளவாக உதவாது.

இதற்குத் தீர்வு புரோலின். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் வளையாத முரட்டு ஆசாமி இது. ஸ்பைக் விரியும்போது ஒரு வளைவு நிமிர்ந்து நேரான சுருளாக மாற வேண்டும். அந்த இடத்தில், 986, 987 ஆகிய இரண்டு எண்களில், புரோலினை வைத்துவிட்டால் நிமிர முடியாது. பூட்டு பூட்டியபடியே இருக்கும். 1,273 அமினோ அமிலங்களில் மாற்றியது இரண்டு மட்டுமே. பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெலன் ஆகியோர் அடங்கிய குழு மெர்ஸ் வைரஸில் இதைச் செய்து 2017-இல் வெளியிட்டிருந்தது. அதனால்தான் 2020 ஜனவரியில் எங்கே கைவைப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வடிவத்தில் ஏன் இவ்வளவு அக்கறை? 1960-களில் குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸுக்கு, ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த தடுப்பூசி ஒன்றைப் பரிசோதித்தார்கள். ஒரு குழுவில் அதைப் பெற்ற 31 கைக்குழந்தைகளில் 20 பேருக்குப் பிறகு இயல்பாகவே தொற்று வந்தது. அந்த 20 பேரில் 16 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசி பெறாமல் தொற்று வந்த குழந்தைகளில் மருத்துவமனைக்குப் போனது ஏறத்தாழ 5 சதவீதம்தான். வைரஸில் போய் ஒட்டும், ஆனால் அதை முடக்காத எதிர்ப்பொருள்களை அந்த ஊசி உண்டாக்கியிருந்தது. நுரையீரலில் தவறான வகை அழற்சியையும் தூண்டிவிட்டிருந்தது. ஆர்எஸ்வி வைரஸின் புரதத்தை விரியாத நிலையில் பூட்டி, அதன் வடிவத்தைக் கிரஹாம், மெக்லெலன் குழுவினர் கண்டறிந்தது 2013-இல். அந்தக் குழந்தைகள் இறந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

ஃபைசர், மாடர்னா, ஜான்சன் அண்டு ஜான்சன், நோவாவேக்ஸ் ஆகியவை இந்தப் பூட்டைப் பயன்படுத்தின. ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியில் இது இல்லை. ஆனாலும் அது பாதுகாத்தது. ஆக, பூட்டு இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது என்றில்லை. உருவாகும் எதிர்ப்பொருள்களில் பயனுள்ளவற்றின் பங்கைக் கூட்டுவதே அதன் வேலை.

அப்படியானால் கோவிட் தடுப்பூசியும் நோயைத் தீவிரமாக்கும் என்ற பயம் நியாயமானதுதானே?
– மேலே உள்ள ஆசிரியரின் இரண்டாவது கேள்வி

பயப்பட வேண்டியிருந்தது, பயந்துதான் சோதித்தார்கள். டெங்குவில் ஒரு தடுப்பூசி, முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு ஆபத்தைக் கூட்டியது 2017-இல் தெரியவந்திருந்தது. பூனைகளுக்கு வரும் ஒரு கொரோனா வைரஸிலும் இதைப் பார்த்திருந்தார்கள். எனவே ஒட்டும் எதிர்ப்பொருளுக்கும் முடக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள விகிதம் என்ன, தூண்டப்படும் டி-செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) எந்த வகை என்று அளந்தார்கள். தடுப்பூசி போட்ட குரங்குகளுக்கு வேண்டுமென்றே வைரஸைக் கொடுத்து நுரையீரலை ஆராய்ந்தார்கள். கடைசிச் சான்று மனிதர்களிடமிருந்து வந்தது: மாடர்னாவின் மூன்றாம் கட்டத்தில் தீவிர நோய்க்கு ஆளான 30 பேரும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத ஊசி பெற்றவர்கள்.

ஃபைசர் தடுப்பூசியின் செயல்திறன் 95 சதவீதம் என்றால் ஊசி போட்ட 100 பேரில் 5 பேருக்கு நோய் வரும் என்றுதானே அர்த்தம்?
– வங்கி ஊழியர்

இல்லை. பலரும் இப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அதனால் கணக்கையே போட்டுக் காட்டிவிடுகிறோம்.

ஃபைசர் பரிசோதனையில் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 18,000 பேர். இரண்டாம் டோஸ் முடிந்து ஏழு நாளுக்குப் பிறகு, அறிகுறியுடன் நோய் உறுதியானவர்கள் மருந்தில்லாத ஊசிக் குழுவில் 162 பேர், தடுப்பூசிக் குழுவில் 8 பேர். இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் 8-ஐ 162-ஆல் வகுத்தால் போதும்: 0.05. அதாவது வந்திருக்க வேண்டிய நோயில் 5 சதவீதமே வந்தது. 95 சதவீதம் தடுக்கப்பட்டது. 18,000 பேரில் 8 பேர் என்பது அந்தச் சில வாரங்களில் 2,000 பேரில் ஒருவர்கூட இல்லை.

இந்த எண்ணில் சேராத இரண்டு விஷயங்கள் உண்டு. பங்கேற்ற எல்லோருக்கும் வாரந்தோறும் மூக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்கவில்லை. அறிகுறி வந்தவர்களையே சோதித்தார்கள். ஆகவே அறிகுறியில்லாத தொற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதை 95 சொல்லவில்லை. அடுத்தது, சராசரியாக இரண்டு மாதக் கண்காணிப்பில், வைரஸின் தொடக்ககால வடிவங்களுக்கு எதிராகக் கிடைத்த எண் அது. ஒமைக்ரான் வந்த பிறகு அதே எண்ணை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஒரு தடுப்பூசியில் 30 மைக்ரோகிராம், இன்னொன்றில் 100. யார் எப்படி முடிவு செய்கிறார்கள்?
– மருந்தாளுநர்

முதல் கட்டத்திலேயே சில அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மாடர்னா 18 முதல் 55 வயதுவரை உள்ள 45 பேரை மூன்றாகப் பிரித்து 25, 100, 250 மைக்ரோகிராம் கொடுத்தது. 250-இல் இரண்டாம் டோஸுக்குப் பிறகு ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான காய்ச்சல், உடல்வலி போன்றவை வந்தன. எதிர்ப்பொருள் அளவோ 100-ஐவிடப் பெரிதாகக் கூடவில்லை. எனவே 100. ஃபைசர், பயோஎன்டெக் நிறுவனங்கள் அளவோடு வடிவத்தையும் ஒப்பிட்டன. ஸ்பைக்கின் ஒரு பகுதியை மட்டும் கொண்ட ஊசி, முழு ஸ்பைக்கைக் கொண்ட ஊசி இரண்டும் ஒரே அளவு எதிர்ப்பொருளைத் தந்தன. முதியவர்களிடம் காய்ச்சலும் களைப்பும் குறைவாக இருந்ததால் முழு ஸ்பைக் தேர்வானது.

அளவையிலேயே தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசி பாடம். முழு டோஸ் என்பது 5,000 கோடி வைரஸ் துகள்கள். ஒரு தொகுதியில் துகள்களை ஒளி உறிஞ்சும் அளவை வைத்து எண்ணினார்கள். கலவையில் சேர்த்திருந்த பாலிசார்பேட் என்ற பொருள் அந்த அளவீட்டைக் குழப்பி எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டியது. விளைவு, பிரிட்டனில் ஒரு பிரிவினருக்கு முதல் ஊசியாக அரை டோஸ்தான் போனது. அவர்களிடம் செயல்திறன் 90 சதவீதம், இரண்டும் முழு டோஸ் பெற்றவர்களிடம் 62. அரை டோஸே சிறந்தது என்ற பேச்சு கிளம்பியது. உண்மையில் அரை டோஸ் பிரிவில் 55 வயதைத் தாண்டியவர்களே இல்லை. இரண்டு ஊசிக்கு இடையே நாளும் அதிகம். பின்னர் பிரித்துப் பார்த்தபோது இடைவெளிதான் முக்கியம் என்று தெரிந்தது: 12 வாரம் அல்லது அதற்கு மேல் விட்டவர்களிடம் 81 சதவீதம், 6 வாரத்துக்குள் போட்டவர்களிடம் 55.

ஃபைசர் ஊசியைக் குலுக்கக் கூடாது என்று அவ்வளவு கண்டிப்பாகச் சொன்னது ஏன்? ஒரு குப்பியில் ஐந்தா, ஆறா என்ற குழப்பம் எப்படி வந்தது?
– செவிலியர் பயிற்சி மாணவர்

இன்று புழக்கத்தில் இல்லாத, ஊதா மூடி போட்ட முதல் வகையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அன்றைய முறை இது. மைனஸ் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ்வரை உறைந்திருக்கும் குப்பியில் 0.45 மில்லிலிட்டர் இருக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் உருகவிட வேண்டும். அவசரமென்றால் அறை வெப்பத்தில் 30 நிமிடம். உருகியதும் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். பிறகு 0.9 சதவீத உப்புக் கரைசல் 1.8 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். ஊசியை வெளியே எடுக்கும் முன் அதே 1.8 மில்லிலிட்டர் காற்றைச் சிரிஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி மருந்து பீறிடும். மறுபடி பத்து முறை கவிழ்க்க வேண்டும். கலந்த நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

குலுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் கொழுப்புத் துகள்கள். நான்கு வகைக் கொழுப்புகள் சேர்ந்த அந்த உருண்டைகள் வெகு நுண்ணியவை. வேகமாகக் குலுக்கினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் அவை உடைந்தோ ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தோ போகும். உள்ளே இருக்கும் ஆர்என்ஏ வெளியே வந்தால் நொதிகள் அதை நொடியில் நறுக்கிவிடும். அவ்வளவு குளிர் தேவைப்பட்டதும் இதனால்தான்.

கணக்குக்கு வருவோம். 0.45 கூட்டல் 1.8, மொத்தம் 2.25 மில்லிலிட்டர். ஒரு டோஸ் 0.3. வகுத்தால் ஏழரை வரும். ஆனால் சாதாரண சிரிஞ்சில் உந்துதண்டின் முனைக்கும் ஊசிக்கும் நடுவே கொஞ்சம் மருந்து தங்கிவிடும். அதனால் முதலில் ஐந்து என்றே குறித்தார்கள். மருந்து தங்காத சிரிஞ்சு வகையைப் பயன்படுத்தினால் ஆறு வரும். கடைசியில் முழு 0.3 வராவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு குப்பிகளின் மிச்சத்தைச் சேர்த்து ஒரு டோஸ் ஆக்குவது தவறு. பின்னால் வந்த சாம்பல் நிற மூடிக் குப்பியில் எதையும் கலக்கவே கூடாது. ஊதாவுக்குப் பழகிய கை சாம்பலிலும் உப்புக் கரைசலை ஊற்றிவிடும் என்பதால் மூடியின் நிறத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வென்ற தடுப்பூசிகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். தோற்றவை எவை, ஏன்?
– ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்

நல்ல கேள்வி. தோல்விகளில்தான் அதிகம் கற்க முடியும்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத் தடுப்பூசி. ஸ்பைக் விரியாமல் இருக்க அவர்கள் புரோலினுக்குப் பதிலாகக் கவ்வி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கவ்வி எச்ஐவி வைரஸின் ஒரு புரதத் துண்டிலிருந்து எடுத்தது. அதனால் எச்ஐவி தொற்று வர வாய்ப்பே இல்லை. ஆனால் ஊசி போட்டவர்களின் உடல் அந்தத் துண்டுக்கும் எதிர்ப்பொருள் தயாரித்தது. சில வகை எச்ஐவி பரிசோதனைகளில் அவர்களுக்குத் தொற்று இருப்பதாகத் தவறான முடிவு வந்தது. கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டால் ஒரு நாட்டின் எச்ஐவி பரிசோதனை முறையே குலைந்துவிடும். கோவிட்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் நன்றாக உருவாகியிருந்தும் 2020 டிசம்பர் 11 அன்று நிறுத்தினார்கள். சரியான முடிவு.

அதே டிசம்பரில் சனோஃபி, ஜிஎஸ்கே கூட்டுத் தடுப்பூசி பின்தங்கியது. முதியவர்களிடம் எதிர்ப்பொருள் போதுமான அளவு வரவில்லை. ஊசியில் நினைத்ததைவிடக் குறைவான புரதமே இருந்தது. மெர்க் நிறுவனம் தன் இரண்டு முயற்சிகளையும் 2021 ஜனவரியில் கைவிட்டது. இயற்கையாக நோய் வந்து தேறியவர்களைவிடக் குறைவான எதிர்ப்பொருளே கிடைத்தது. கியூர்வேக் எம்ஆர்என்ஏ முறைதான், ஆனால் ஆர்என்ஏவின் எழுத்தை மாற்றாமல் பயன்படுத்தியது. மாற்றாத ஆர்என்ஏ உடலைக் கொந்தளிக்கச் செய்யும் என்பதால் 12 மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. செயல்திறன் 48 சதவீதத்தில் நின்றது. அப்போது புதிய திரிபுகள் பரவிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் கரிக்கோவின் அந்த ஒரு எழுத்து எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை வேறில்லை.

குணமானவர்களின் பிளாஸ்மாவுக்காக அன்று ஊரெல்லாம் அலைந்தோம். அது உண்மையில் உதவியதா?
– இல்லத்தரசி

மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளுக்கு உதவவில்லை. இப்படிச் சொல்வது எளிதல்ல என்று தெரியும். அன்று தெரிந்ததை வைத்து நீங்கள் செய்தது தவறில்லை.

குணமானவரின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை நோயாளிக்குக் கொடுக்கும் எண்ணம் பழையது. 1890-இல் பெரிங்கும் கிட்டாசாட்டோவும் நோய்க்கு ஆட்பட்டு மீண்ட விலங்கின் ரத்தச் சீரத்தால் இன்னொரு விலங்கைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார்கள். கோவிட்டில் பெரிய விடை தந்தது பிரிட்டனின் ரெக்கவரி பரிசோதனை: 11,558 நோயாளிகள், பிளாஸ்மா ஏற்றியவர்களிலும் ஏற்றாதவர்களிலும் 28 நாளில் இறந்தவர்கள் 24 சதவீதம். அதற்கு முன்பே இந்தியாவில் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடந்த பிளாசிட் பரிசோதனையும் பலனில்லை என்றே சொன்னது.

காரணம் இரண்டு. ஒருவர் தந்த பிளாஸ்மாவில் முடக்கும் எதிர்ப்பொருள் நிறைய இருக்கும், இன்னொருவருடையதில் ஏறத்தாழ இருக்காது; அன்று பல இடங்களில் அளந்து பார்க்காமலே ஏற்றினார்கள். பெரிய காரணம் நேரம். மருத்துவமனைக்கு வரும்போது பலருக்குச் சொந்த எதிர்ப்பொருளே உருவாகியிருக்கும். அப்போது நுரையீரலைக் கெடுப்பது வைரஸைவிட உடலின் மிகையான அழற்சி. அர்ஜென்டினாவில் அறிகுறி தொடங்கிய 72 மணி நேரத்துக்குள், எதிர்ப்பொருள் அதிகம் உள்ள பிளாஸ்மாவை மட்டும் 160 முதியவர்களிடம் சோதித்தபோது தீவிர மூச்சுத்திணறல் 31 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஆனால் மூச்சுத்திணறல் வரும்வரை பிளாஸ்மா தேடி யாரும் கிளம்பவில்லை. கிளம்பியபோது அந்த 72 மணி நேரம் கடந்திருந்தது.

ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து எப்படித் தயாராகிறது? ஏன் அவ்வளவு விலை?
– கல்லூரி மாணவர்

தடுப்பூசி உடலுக்கு எதிர்ப்பொருள் செய்யக் கற்றுக்கொடுக்கிறது. பலன் தர வாரங்கள் ஆகும், நினைவு தங்கும். மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்து, ஒரே வகையாகச் செய்து முடித்த எதிர்ப்பொருளையே தருகிறது. அன்றே வேலை செய்யும், சில மாதங்களில் கரைந்துபோகும்.

முதலில் குணமான ஒருவரின் ரத்தத்திலிருந்து, எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணுக்களான பி-செல்களைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு பி-செல்லும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். ஒளிரும் சாயம் ஏற்றிய ஸ்பைக் புரதத்தைத் தூண்டிலாக வைத்தால் அதைப் பிடிக்கும் செல்கள் ஒளிரும். லட்சக்கணக்கான செல்களிலிருந்து அவற்றைத் தனித்தனியாகப் பிடித்து, எதிர்ப்பொருளின் கனச் சங்கிலி, இலேசுச் சங்கிலி இரண்டின் மரபணுவையும் படிப்பார்கள். பட்டியலில் நூற்றுக்கணக்கில் சேரும். ஸ்பைக்கோடு ஒட்டுவது எல்லாம் வைரஸை முடக்காது; ஆகவே ஒவ்வொன்றையும் உயிருள்ள வைரஸோடோ, ஆபத்தில்லாத போலி வைரஸோடோ சேர்த்து, செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறுவது ஒரு கைப்பிடி.

தேறியதன் மரபணுவைச் சீன வெள்ளெலியின் கருப்பைச் செல்களில் நுழைத்துப் பெரிய தொட்டிகளில் வளர்ப்பார்கள். அந்தச் செல்கள் எதிர்ப்பொருளைத் திரவத்தில் சுரக்கும்; அதைப் புரோட்டீன்-ஏ என்ற பொருள் பூசிய குழாயில் பிடித்து, கழுவி, வடிகட்டிச் சுத்தம் செய்வார்கள். வழக்கமாக ஒரே செல்லிலிருந்து பெருகிய நிலையான வம்சத்தைத் தேர்ந்தெடுக்கவே மாதங்கள் ஆகும். கோவிட்டில் சிலர் அதற்குக் காத்திராமல் கலப்புச் செல்களிலிருந்தே முதல் மருந்தை எடுத்தார்கள். அப்செல்லெரா, எலி லில்லி நிறுவனங்களின் பாம்லனிவிமாப் இப்படி வேகமாக வந்து, 2020 ஜூன் தொடக்கத்திலேயே மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது.

விலைக்கு ஒரு கணக்கு. ஃபைசர் தடுப்பூசியில் ஒரு கிராம் எம்ஆர்என்ஏ இருந்தால் 33,000 டோஸுக்கு மேல் வரும். ரீஜெனரான் நிறுவனத்தின் இரட்டை ஆன்டிபாடி தொடக்கத்தில் ஒருவருக்கே 2.4 கிராம். 10,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கிடைக்கிறது, சுத்தம் செய்வதில் மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று வையுங்கள். மிஞ்சும் 20 கிலோவில் 8,300 பேருக்குத்தான் மருந்து. செல் வளர வாரக்கணக்கு. அப்புறம் அதை நரம்பில் டிரிப்ஸாக ஏற்ற ஒரு நாற்காலி, ஒரு செவிலியர், ஏற்றிய பின் ஒரு மணி நேரக் கண்காணிப்பு.

யாருக்கு எப்போது என்பதும் முக்கியம். பாம்லனிவிமாப் வீட்டிலிருந்த ஆரம்பகட்ட நோயாளிகளில் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்களை 6.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைத்தது. அதே மருந்தை மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் சோதித்த பரிசோதனை பலனில்லை என்று 2020 அக்டோபரில் நின்றது. பிறகு ரெக்கவரி பரிசோதனை ரீஜெனரான் மருந்தை 8 கிராம் அளவில் கொடுத்துப் பார்த்தது. சேர்க்கும்போது சொந்த எதிர்ப்பொருள் இல்லாதவர்களிடம் மட்டும் இறப்பு 30 சதவீதத்திலிருந்து 24 ஆகக் குறைந்தது. மருத்துவமனை நோயாளியாக இருந்தாலும் முதலில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஏற்ற வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அவ்வளவு பாடுபட்டுச் செய்த ஆன்டிபாடி மருந்துகள் இன்று எங்கே போயின?
– நாளிதழ் விற்பனையாளர்

வைரஸ் மாறிவிட்டது. ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடி ஸ்பைக்கில் ஒரே ஒரு சிறு இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே பிடி நழுவலாம். 484-ஆம் இடத்தில் மாற்றம் கொண்ட திரிபுகள் பரவியதும் பாம்லனிவிமாபைத் தனியாகக் கொடுக்கும் அனுமதியை அமெரிக்கா 2021 ஏப்ரல் 16 அன்று திரும்பப் பெற்றது; அனுமதி கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ரீஜெனரான் இதை முன்பே எதிர்பார்த்து, ஸ்பைக்கில் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் மாறுவது வைரஸுக்குக் கடினம் என்பது கணக்கு. 2021 நவம்பரில் ஒமைக்ரான் ஸ்பைக்கில் மட்டும் 30-க்கு மேற்பட்ட மாற்றங்களோடு வந்தபோது இரண்டுமே நழுவின.

சோட்ரோவிமாப் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதன் மூலம், 2003-இல் சார்ஸ் வந்து பிழைத்த ஒருவரின் ரத்தம். இரண்டு வைரஸுக்கும் பொதுவான, எளிதில் மாறாத இடத்தை அது பிடிப்பதால் முதல் ஒமைக்ரானிலும் வேலை செய்தது, அதன் பிஏ.2 கிளை பரவியதும் அமெரிக்காவில் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

தடுப்பூசிகள் அப்படி ஒரேயடியாகத் தோற்கவில்லை. தடுப்பூசி போட்ட உடலில் பல இடங்களைப் பிடிக்கும் பல வகை எதிர்ப்பொருள்களோடு டி-செல்களும் உருவாவதே அதற்குக் காரணம். தொற்றைத் தடுப்பது குறைந்தாலும் உயிரைக் காப்பது பெரிதும் நீடித்தது.

ஆனால் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், சில ரத்தப் புற்றுநோய்களுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் தடுப்பூசி போட்டாலும் எதிர்ப்பொருள் உருவாக்க முடியாதவர்கள். இவர்களுக்கு ஆன்டிபாடி ஊசிதான் தடுப்பூசி. சாதாரண எதிர்ப்பொருள் ரத்தத்தில் மூன்று வாரத்தில் பாதியாகும். அதன் வால்பகுதியில் சில மாற்றங்கள் செய்தால் அந்தக் காலம் பல மடங்கு நீளும். அப்படிச் செய்த எவுஷெல்ட் 2021 டிசம்பரில் வந்தது, 2023 ஜனவரியில் புதிய திரிபுகளால் போனது. அதே நோக்கத்துக்காகப் பெமிவிபார்ட் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது: 4,500 மில்லிகிராம், நரம்பு வழியாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

ஊசி போட்டும் ஆன்டிபாடி டெஸ்ட்டில் 'நெகட்டிவ்' வந்தது. ஊசி பலிக்கவில்லையா?
– ஓட்டுநர்

எந்த டெஸ்ட் என்று ரிப்போர்ட்டைப் பாருங்கள். 'நியூக்ளியோகேப்சிட்' அல்லது 'என்' என்று இருந்தால், அது வைரஸின் உள்புரதத்துக்கான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. எம்ஆர்என்ஏ ஊசியிலும் அடினோ வைரஸ் ஊசியிலும் அந்தப் புரதமே இல்லை, ஸ்பைக் மட்டும்தான். ஆகவே அந்தச் சோதனையில் நெகட்டிவ் வருவது இயல்பு. உங்களுக்குத் தொற்று வந்திருந்தால்தான் பாசிட்டிவ் காட்டும். அதுவும் சில மாதங்களில் மங்கலாம். கோவேக்சின், கொரோனாவேக் போன்றவை முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்தவை என்பதால் அவற்றைப் போட்டவர்களுக்கு இந்தச் சோதனை பாசிட்டிவ் ஆகலாம். அதை வைத்துத் தொற்று வந்ததா என்று சொல்ல முடியாது. ஊசிக்கு உடல் பதில் தந்ததா என்று பார்க்க வேண்டுமானால் 'ஸ்பைக்' அல்லது 'ஆர்பிடி' (ஸ்பைக்கில் ஏற்பியைப் பிடிக்கும் பகுதி) என்று குறித்த சோதனை வேண்டும். இரண்டாம் டோஸுக்கு இரண்டு வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள்.